பழைய கியரைக் கேட்டவர்

டமார் என்று ஒரு சத்தம். பாதி இறக்கியிருந்த ஷட்டர் கிடுகிடுவென்று ஆடியது. தகரத்தில் மோதிய கல் ஒன்று உள்ளே உருண்டு வந்து ஜெயப்ரியாவின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது. வெளியே ஒரு பைக் உறுமிக்கொண்டு தாமல் பக்கம் பறந்தது. "கொலகாரக் கடைய மூடுங்கடா" என்ற குரல் மட்டும் புகையோடு கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

ஜெயப்ரியாவின் உதவியாளன் பிரேம்நாத் குனிந்து கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"நல்ல கருங்கல்லுக்கா. செங்கல்ல எறிஞ்சிருந்தா அவமானமா இருந்திருக்கும்."

"தெனம் ஒண்ணு வருது" என்றாள் கிரேஸ். அவள் திடுக்கிடக்கூட இல்லை. "நேத்து முட்ட."

"முட்டையிலேருந்து கல்லா? ஊர்ல சத்துணவு கொறஞ்சு போச்சு."

ஜெயப்ரியா ஒரு பார்வை பார்த்தாள். பிரேம்நாத் கல்லை மேஜை மேல் பூப்போல வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அது நீண்ட நேரம் மூடியிருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

காஞ்சிபுரத்தில் ஜெயப்ரியா துப்பறியும் அலுவலகம் திறந்த நாளிலிருந்து வந்ததெல்லாம் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு எங்காவது மனசு இருக்கிறதா, சொன்ன சம்பளம் நிஜமா. ஊரில் பாதிக் கல்யாணம் அவள் பேச்சைக் கேட்டு நடந்தது; பாதி அவள் பேச்சால் நின்றது. சாவு விசாரணை இதுதான் முதல் தடவை. அதுவும், குற்றத்தை ஒப்புக்கொண்டவன் அதைச் செய்யவில்லை என்று நிரூபிக்கும் விசாரணை.

ஒப்புக்கொண்டவன் கிரேஸின் கணவன் ராமராஜன். இந்த ஒர்க் ஷாப் அவனுடையது. திருப்பருத்திக்குன்றம் சாலையில் பெரிய வீட்டுக்காரர் குமாரசாமியின் அம்பாசிடர் பழைய காலத்து வண்டி. கியர் தடி தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கை போல நீட்டிக்கொண்டிருக்கும். குமாரசாமிக்குத் தோள்பட்டை வலி வந்து கை தூக்க முடியாமல் போனதும், ராமராஜனைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். அவன் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஐந்து கியர் பெட்டி ஒன்றைப் பிடித்தான். வண்டியின் தரையை வெட்டி, பெட்டியைத் தாங்கப் புதுச் சட்டம் வெல்டு வைத்து, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை அளவுக்குக் குறைத்து மாட்டினான். முந்தின நாள் சாயங்காலம் கொண்டுபோய் விட்டான். மறுநாள் காலையில் வண்டிக்குப் பூஜை. பூஜை முடிவதற்குள் அந்த வண்டி பின்னால் போய் குமாரசாமியைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது.

யாரும் கூப்பிடாமலே ராமராஜன் ஸ்டேஷனுக்குப் போனான். "கியர் சரியாப் புடிக்கல சார். வண்டி தானா உருண்டுடுச்சு. என் தப்புதான்" என்றான். அதற்குப் பிறகு யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. அவனைக் கிளைச் சிறையில் வைத்துவிட்டார்கள். கட்சிக்கார மகன் சொன்னதில் போலீஸ் வண்டியை வீட்டு ஷெட்டிலேயே விட்டுவிட்டது. இன்று மத்தியானம் லாரி வந்து அதையும் ஏற்றிக்கொண்டு போய் வெட்டிப் போடப் போகிறது.

"வெட்டிட்டா முடிஞ்சுது" என்றாள் கிரேஸ். "அந்த கியர்பாக்ஸ் நல்லா இருந்திச்சுன்னு சொல்ல அந்த வண்டிய வுட்டா வேற நாதியில்ல."

"அவரு எதுக்கு ஒத்துக்கினாரு?"

"கேட்டேன். மொகத்த திருப்பிக்கினாரு. ஒரு நட்டு லூசா இருந்தாலே சோறு எறங்காது மேடம் அவருக்கு. அந்த மனுஷன் கியர் புடிக்கலன்னு வாயால சொல்றாரு."

"அன்னிக்குக் காலையில பெரியவர்கிட்டேருந்து ஏதாவது?"

கிரேஸ் மூலையைக் காட்டினாள். சாக்குப் பை போட்டு மூடிய ஏதோ ஒன்று தூங்கும் நாய் போலச் சுருண்டு கிடந்தது.

"போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன், அவரு கையெல்லாம் கிரீஸு. 'பழைய கியர்பாக்ஸ வித்துட்டானா? விக்க வேணாம்னு சொல்லு. சாயந்திரம் வந்து புதுச கழட்டிட்டு அதையே மாட்டிக் குடுக்கணும்'னாரு. கோவமா இருந்தாரு. இத போலீஸ்ல சொல்றேன்னேன். சொன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்னாரு எம் புருஷன்."

ஜெயப்ரியா சாக்கை விலக்கினாள். எண்ணெய்ப் பிசுக்கோடு பழைய கியர்ப்பெட்டி.

"பூஜை போடற அன்னிக்கே புதுச கழட்டச் சொல்றாரு" என்றாள் மெதுவாக.

"தாலி கட்டின கையோட பழைய பொண்டாட்டிக்கு போன் போட்ட மாதிரி" என்றான் பிரேம்நாத்.

"வண்டிய ஓட்டிப் பாத்து புடிக்காமப் போயிருக்குமா?"

"எங்க ஓட்டிப் பாத்தாரு?" என்றாள் கிரேஸ். "பூஜை போடாம சீட்டுல உக்காரமாட்டேன்னுட்டாரு. சாவிய வாங்கி சாமி படத்துக்கிட்ட வெச்சிட்டாராம்."

ஓட்டிப் பார்க்காத கியர். அதற்குள் வேண்டாம் என்கிறார். ஜெயப்ரியா அந்த முடிச்சை மனதுக்குள் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டாள்.

"அந்த வீட்ல உங்க வீட்டுக்காரருக்கு யாரு பழக்கம்?"

"பழக்கமென்ன. பெரியவரு கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சுத்தான் பேசுவாரு. மவன் வேல்முருகன் கட்சிக்காரரு, பேசவே மாட்டாரு. அவங்க வீட்டம்மா மட்டும் உள்ள கூப்ட்டு, உக்காரச் சொல்லி, வீட்டு டம்ளர்லயே காபி குடுத்தாங்களாம். அத வந்து ஒரு வாரம் சொல்லிக்கினு இருந்தாரு."  கிரேஸ் அலமாரியிலிருந்து சோப்பு டப்பா ஒன்றை எடுத்து, திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "நான் உங்கள கூப்ட்டது இதுக்கும் சேத்துத்தான் மேடம். டெஸ்ட் ஓட்டறேன்னு தெனம் தாமல் ஏரிக்கரைக்கு வண்டிய எடுத்துக்கினு போனாரு. ஒரு கியர்பாக்ஸுக்கு அத்தன டெஸ்ட்டா? ஒரு நாளு வண்டிய கூட்டிக்கினு இருந்தேன். இது கெடச்சுது."

டப்பாவில் காய்ந்த பூ. மல்லியும் கனகாம்பரமும் மருக்கொழுந்தும் சேர்த்துக் கட்டிய சரத்தின் துண்டு.

"எந்தப் பக்கம் கெடந்துச்சு?"

"டிரைவர் பக்கம். பெடல் கிட்ட. எம் புருஷன் ஜெயில்ல இருக்காரு, நான் இத டப்பாவுல போட்டு வெச்சுக்கினு அழுவுறேன். எனக்கே அசிங்கமா இருக்குது."

பிரேம்நாத் டப்பாவை எட்டிப் பார்த்தான். "கிரேஸக்கா, நிம்மதியா தூங்குங்க. கள்ளத்தொடுப்புக்கு எவனும் கதம்பம் வாங்கித் தரமாட்டான். இது கோயிலுக்குப் போற தலையில இருக்கற பூ."

கிரேஸ் அவனை முறைத்தாள். ஆனால் பல நாளைக்குப் பிறகு அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஜெயப்ரியா எழுந்தாள். "பிரேம், உனக்கு கூலிங்கிளாஸ் இருக்குதா?"

---

"ஈசிஆர்ல ரிசார்ட் வெச்சிருக்காரு நம்ம முதலாளி" என்றான் பிரேம்நாத், கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "வாசல்ல நிறுத்த பழைய அம்பாசிடர் தேடிக்கினு இருக்காரு. நீங்க இத வெட்டிப் போடறதா கேள்விப்பட்டு மனசு கேக்கல சார்."

வேல்முருகன் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டபடி இருவரையும் அளந்தான். கேட்டுக்கு வெளியே லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் பீடியோடு காத்திருந்தார்.

"எங்கப்பாவ கொன்ன வண்டிபா அது. கண்ணுல படக்கூடாது."

"எங்க முதலாளி கண்ணுல படட்டுமே சார். அவரு எங்களுக்கு ஒண்ணும் வேண்டியவரில்ல."

ஜெயப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தாள். வண்டி வெளியே பார்த்து நின்றது. பின்புறம் சுவர். பம்பர் நெளிந்திருந்தது, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பின் கண்ணாடியில் சந்தனப் பொட்டு இரண்டு, வட்டமாக, குங்குமத்தோடு. மூன்றாவது பொட்டாக இல்லை. விரல் இழுத்துக்கொண்டு போன கோடாக இருந்தது. அதை அவள் அதிக நேரம் பார்க்கவில்லை.

பிரேம்நாத் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தான். "வாங்கப் போற வண்டி. சாஸ்திரத்துக்கு சக்கரத்துல ஒண்ணு வெக்கலாம் சார்." முன் சக்கரத்துக்கு எதிரே தரையில் வைத்தான்.

பழம் நிற்கவில்லை. ஒரு புரள் புரண்டது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் கேட்டைப் பார்த்து உருண்டு, உருண்டு, கேட்டுக்கு அடியில் புகுந்து சாக்கடையில் விழுந்தது.

பிரேம்நாத்தும் ஜெயப்ரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னிக்கு வெச்சது உருளலையே" என்று அவள் காதருகில் கேட்டான். அன்றைய போட்டோ ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவன் போனிலும் இருந்தது. சக்கரத்துக்கு எதிரே நான்கு பழமும் நசுங்காமல் அப்படியே.

"வெத்தல மேல வெச்சிருந்தாங்க" என்றாள் அவள், அதே குரலில். "மழத் தண்ணி வெளிய போகட்டும்னு தரைய கேட்டுப் பக்கம் சரிச்சுக் கட்டியிருக்காங்க. தானா உருண்டா வண்டி தெருவுக்குத்தான் போயிருக்கும். சுவத்துக்கு ஏறணும்னா இன்ஜின் ஓடணும், ரிவர்ஸ்ல விழணும். போலீஸ் வந்தப்ப இன்ஜின் ஆஃப்ல இருந்துச்சு."

"நசுங்கினவரு வந்து ஆஃப் பண்ணியிருக்க முடியாது."

"முடியாது."

பிரேம்நாத்தின் பார்வை வெள்ளைச் சட்டைக்குப் போனது. அப்பா செத்த வண்டியை இவ்வளவு அவசரமாக வெட்டத் துடிக்கும் மகன். ஜெயப்ரியாவும் அதையேதான் நினைத்தாள். ஆனால் திறந்திருந்த வாசல் வழியாக அவள் கண்ணில் வேறொன்று பட்டது. கூடத்தில் மாலை போட்ட அறுபதாம் கல்யாணப் போட்டோ. குமாரசாமி விறைப்பாக நிற்கிறார். பக்கத்தில் மனைவி லோகாம்பாள், தோளுக்கு முன்னால் எடுத்துவிட்ட பூச்சரத்தோடு. மல்லி, கனகாம்பரம், நடுநடுவே மருக்கொழுந்தின் பச்சை.

அந்தப் போட்டோவுக்குக் கீழே, வாசற்காலைப் பிடித்துக்கொண்டு லோகாம்பாளே நின்றிருந்தாள். நெற்றி வெறிச்சென்றிருந்தது. தலையில் பூ இல்லை. இனி இருக்கவும் போவதில்லை.

"கியரெல்லாம் விழுதான்னு ஒருவாட்டி போட்டுக் காட்டிடுங்க சார்" என்றாள் ஜெயப்ரியா. "முதலாளி கேப்பாரு."

"எனக்குத் தெரியாதும்மா. நான் ஓட்டறது ஆட்டோமேட்டிக்."

"சும்மா. உள்ளுக்குள்ளயே."

வேல்முருகன் சலித்துக்கொண்டு ஏறினான். இன்ஜின் இருமிப் பிடித்துக்கொண்டது. கியர் தடியின் தலையில் பழைய வண்டியின் வெள்ளைக் குமிழையே மாட்டியிருந்தார்கள். பெரியவர் அது வேண்டும் என்றாராம். அதில் எண்ணும் கிடையாது, கோடும் கிடையாது. எந்த கியர் எங்கே என்று சொல்லித் தந்தால்தான் தெரியும். முதல் கியர் தட்டுத் தடுமாறி விழுந்தது. வண்டி ஒரு முழம் முன்னால் துள்ளி நின்றது.

"இப்ப ரிவர்ஸ் சார்."

அவன் தடியை இடது பக்கம் தள்ளினான். வலது பக்கம் இழுத்தான். முன்னால், பின்னால். உள்ளே பல் சக்கரங்கள் நறநறவென்று கத்தின. ஈயப் பாத்திரத்தைக் கருங்கல்லில் தேய்ப்பது போன்ற சத்தம். அவன் முகம் வியர்த்தது. மறுபடி இழுத்தான். மறுபடி கத்தியது.

இவன் இல்லை. ஜெயப்ரியாவுக்கு அது அந்த நொடியில் நிச்சயமாகத் தெரிந்தது. நடிக்கத் தெரிந்தவன் இத்தனை பேர் முன்னால் இவ்வளவு அசடு வழியமாட்டான்.

நறநற.

"அரைக்காதடா."

வாசற்காலிலிருந்து வந்தது குரல். சின்னக் குரல்தான். பொறுக்க முடியாமல் வந்த குரல்.

"அப்படி அரச்சா பல்லு போயிடும். கிளச்ச முழுசா மிதி. குமிழக் கீழ அழுத்து. அழுத்திக்கினே உன் பக்கமா இழுத்து, பின்னால தள்ளு."

வேல்முருகனின் கை அம்மா சொன்னதைக் கேட்டது. க்ளக். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ரிவர்ஸ் விழுந்தது. வண்டி மெல்ல ஒரு சாண் பின்னால் ஏறியது. அவன் பதறிப்போய் இன்ஜினை அணைத்தான்.

லாரிக்காரர்கூட பீடியை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றான் வேல்முருகன்.

"உங்கப்பா போடறத பாத்தேன்."

"இல்லையேம்மா" என்றாள் ஜெயப்ரியா. அவள் குரலில் வெற்றி ஏதும் இல்லை. "இந்த கியர அவரு ஒரு தடவகூட போடல. பூஜை முடியாம உக்காரமாட்டேன்னுட்டாரு. சாவிய சாமிகிட்ட வெச்சிட்டாரு."

வேல்முருகன் வண்டியிலிருந்து இறங்கினான். அம்மாவைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். கட்சியில் அவன் மேலே வந்ததற்குக் காரணம் இருந்தது. யார் விழுந்தால் யார் மிஞ்சுவார்கள் என்ற கணக்கு அவனுக்குச் சட்டென்று வரும்.

"லாரிய உள்ள எடுப்பா" என்றான். "நீங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கெளம்புங்க. அந்த ஆளே ஒத்துக்கினு கையெழுத்து போட்டுட்டான். அவனுங்களுக்கு ஜெயிலு ஒண்ணும் புதுசில்ல."

"லாரி எடுக்கலாம் சார்" என்றான் பிரேம்நாத். அவன் குரலில் முதல் தடவையாக விளையாட்டு இல்லை. எப்போது ஜன்னல் வழியாகக் கை விட்டானோ, அம்பாசிடரின் சாவி அவன் விரலில் தொங்கியது. "அதுக்குள்ள நீங்க சொன்னது, அம்மா சொன்னது, அந்த நறநற எல்லாம் என் போன்லேருந்து வேற எடத்துக்குப் போய்ச் சேந்துடும். அனுப்பிட்டேன்."

வேல்முருகன் ஓரடி முன்னால் வைத்தான்.

"வேலு" என்றாள் லோகாம்பாள். "உள்ள போ."

"அம்மா, நீ பேசாத. ஒரு வார்த்த பேசாத."

"அதத்தான் இத்தன வருஷமா பண்ணிக்கினு இருந்தேன். உள்ள போடா."

அவன் போகவில்லை. ஆனால் நின்றுவிட்டான். லோகாம்பாள் படியிறங்கி வந்து வண்டியின் பக்கத்தில் நின்றாள். கதவைத் தொடவில்லை.

"ராமராஜன்தான் கத்துக்குடுத்தானா?" என்றாள் ஜெயப்ரியா.

"நான்தாம்மா கேட்டேன். பழைய கியரு அவரு கைக்கு மட்டுந்தான் அடங்கும். வேற யாரு தொட்டாலும் மாட்டிக்கும். வேலு தொட்டதில்ல, நான் தொட்டதில்ல. பின்னாடி சீட்டுதான் எனக்கு. அவரு ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் நான் எறங்கி, பின்னாடி நின்னு வரலாம் வரலாம்னு சொல்லணும். புதுசு மாட்டினதும் அந்தப் பையன் சொன்னான், இத கொழந்தகூட போடலாம்மான்னு. யாருக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கினேன். கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். நாலாவது கியர் போட்ட அன்னிக்கு அழுதேன்."

"சத்தியத்த அவன் காப்பாத்திட்டான்" என்றாள் ஜெயப்ரியா. "ஒரு டம்ளர் காபிக்கு. அவன் பொண்டாட்டி தெனம் கல்லடி வாங்கறா. அது உங்களுக்குத் தெரியுமா?"

லோகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரியும் என்பது அதுதான்.

"அவன் ஒத்துக்குவான்னு நான் நெனைக்கல" என்றாள் பிறகு. "ஒத்துக்கினான்னு கேட்டதும்..." அவள் உதடு கோணியது. "நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சும்மா. நானும் இந்த வீட்டு ஆளுதானே."

தெருவில் தறிச் சத்தம் ஒன்று நின்று, மறுபடி தொடங்கியது. பிரேம்நாத் கூலிங்கிளாஸைக் கழற்றிப் பைக்குள் போட்டான். 

"அன்னிக்குக் காலையில அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். எலுமிச்சம்பழத்து மேல நான் ஏத்தட்டுமான்னு கேட்டேன். ஓட்டத் தெரியும்னேன். கோவிச்சுக்குவாருன்னு நெனச்சேன். முதல்ல சிரிச்சாரு. அப்பறம் கத்துக்கினதெல்லாம் நெஜம்னு தெரிஞ்சதும் போன எடுத்தாரு. சாயந்திரமே புதுச கழட்டு, பழச மாட்டுன்னாரு. தோள்வலி இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னாரு. வலி பெருசில்லம்மா அவருக்கு. நான் ஓட்டறதுதான் பெருசு. சொல்லிட்டு, சந்தனக் கிண்ணத்த எடுத்துக்கினு கண்ணாடிக்குப் பொட்டு வெக்க பின்னாடி போனாரு. பூஜைக்குன்னு சாமிகிட்டேருந்து எடுத்தாந்த சாவி வண்டியிலயே இருந்துச்சு. வேலு பூசணிக்காய்க்குப் போயிருந்தான்."

ஜெயப்ரியா பின் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு பொட்டும் ஒரு கோடும்.

ராமராஜன் வெளியே வந்தால் போதும். அவளுடைய வேலை அவ்வளவுதான். அவனை வெளியே கொண்டுவர ஒரு கொலை தேவையில்லை. ஒரு விபத்தே போதும். எதிரில் நிற்பவளுக்கும் அவ்வளவு இடம் விட அவளுக்கு மனசிருந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், சரியான்னு சொல்லுங்க" என்றாள். "கோவத்துல ஏறி உக்காந்தீங்க. முன்னால எடுத்தா எலுமிச்சம்பழம் நசுங்கும், நேரம் பாக்காம நசுக்கக்கூடாது. அதனால பின்னால எடுத்தீங்க. அவரு நின்னத நீங்க பாக்கல. யாரு கேட்டாலும் இதான் நடந்துச்சு. இல்லையாம்மா?"

"அம்மா, ஆமான்னு சொல்லு" என்றான் வேல்முருகன்.

லோகாம்பாள் கதவைத் திறந்தாள். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டாள். பழகின கை அது. நெற்றிக்கு மேலே, பின்னால் பார்க்க மாட்டியிருந்த கண்ணாடியை அவள் திருத்தவே இல்லை. அவள் உயரத்துக்கே அது நின்றிருந்தது.

"மூணாவது பொட்டுக்கு அவரு வெரல் எடுத்தத இந்தக் கண்ணாடியில பாத்துக்கினேதாம்மா குமிழ அழுத்தி ரிவர்ஸ் போட்டேன்."